3065-ஆம் எண் வீடு

(நாட்றாம்பாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு என் போனுக்கு வந்தபோது அதில் உங்கள் ஊர்ப் பெயர் மூன்று விதமாக இருந்தது. மேலே நாட்றாம்பாளையம். நடுவில் நாட்ராம்பாளையம். கீழே, பஸ் வழி சொல்லும் இடத்தில் நாட்றம்பாளையம். திருப்பத்தூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி என்று வேறு ஓர் ஊர் இருக்கிறது. கொஞ்சம் அசந்திருந்தால் இந்நேரம் அங்கே போய் இறங்கி, கூட்டம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நல்லவேளை, அஞ்செட்டியைத் தாண்டி ஒகேனக்கல் போகிற ரோட்டில் என்று ஒருவர் போனில் சொன்னார். அதனால் வந்து சேர்ந்தேன்.

நான் பேச வந்தது ஒரு குறியைப் பற்றி. ரூபாய்க் குறி. ஆனால் உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். சரக்கு முழுக்க அதிலேயே இருக்கிறது.

நாட்றாம்பாளையம் என்பதில் எத்தனை எழுத்து? நா, ட், றா, ம், பா, ளை, ய, ம். எட்டு. பள்ளிக்கூடத்தில் எட்டு என்றால்தான் மார்க். கம்ப்யூட்டரைக் கேட்டால் 15 என்று சொல்லும். அதற்கு 'நா' என்பது ஓர் எழுத்து இல்லை. 'ந' ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ட்' என்பதும் அப்படித்தான். 'ட' ஒன்று, புள்ளி ஒன்று. 'ய' மட்டும்தான் துணையில்லாமல் தனியாக நிற்கிறது. எண்ணிப் பாருங்கள், 15 வரும்.

அந்தப் பதினைந்தும் எழுத்தாக உள்ளே போவதில்லை, எண்ணாகப் போகின்றன. ந என்றால் 2984. துணைக்கால் 3006. ட என்றால் 2975. புள்ளி 3021. இப்படி உலகத்தில் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் யூனிகோடு. 1991 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. அதிலேயே தமிழ் இருந்தது.

கம்ப்யூட்டர்காரர்கள் இந்த எண்களைப் பதினாறு பதினாறாக எண்ணும் வேறொரு முறையில் எழுதுவார்கள். அது நமக்கு வேண்டாம். சந்தையில் எண்ணுகிற மாதிரி பத்துப் பத்தாகவே எண்ணுவோம். மதிப்பு ஒன்றுதான்.

இப்போது பாருங்கள். 'ர' 2992. 'ற' 2993. அடுத்தடுத்த வீடு. அழைப்பிதழ் அடித்த தம்பி ஒரு வீடு தள்ளித் தட்டிவிட்டார். நாம் படித்துப் புரிந்துகொண்டோம். கம்ப்யூட்டருக்கு அது வேறு ஊர். பட்டாவில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி இருந்தால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடு என்று சொன்னேன் அல்லவா, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் ஒரு தெரு. தமிழ்த் தெருவில் 128 மனை. 2944-இல் தொடங்கி 3071-இல் முடிகிறது. அடுத்த மனை 3072. அது யார் வீடு தெரியுமா? தெலுங்குத் தெரு அங்கே ஆரம்பிக்கிறது. தெலுங்குக்கும் 128 மனை, 3199 வரை. அதையடுத்து 3200-இல் கன்னடம்.

இதை நான் முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வரிசையாக மூன்று தெரு. கலிபோர்னியாவில் உட்கார்ந்து பட்டியல் போட்டவர்கள் ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் பார்த்துவிட்டா போட்டார்கள்? இங்கே ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மொழியும் காதில் விழும். ஒரே ஆள் மாட்டுக்காரரிடம் கன்னடத்திலும், மாமியாரிடம் தெலுங்கிலும், ஆபீசில் தமிழிலும் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அடுக்கு தற்செயலாக வந்ததும் இல்லை. 1980-களில் இந்திய அரசின் மின்னணுத் துறை பல இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் ஒரு குறியேற்றம் போட்டது. இஸ்கி என்று பெயர். யூனிகோடுக்காரர்கள் அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் 'க' அந்த மொழிகளின் எந்தத் தெருவிலும் முனையிலிருந்து 21 எண் தள்ளியே இருக்கும். தமிழ் 'க' 2965. அதனோடு 128-ஐக் கூட்டுங்கள், 3093, தெலுங்கு 'க'. இன்னொரு 128-ஐக் கூட்டுங்கள், 3221, கன்னட 'க'. மற்ற மொழிகளில் 'க'வை அடுத்து மூன்று 'க' வரும். நமக்கு ஒன்று போதும் என்று தொல்காப்பியர் காலத்திலேயே முடிவாகிவிட்டதால் அந்த மூன்று மனையும் தமிழ்த் தெருவில் காலி. 128 மனையில் இன்றைக்கும் 72-இல்தான் குடி இருக்கிறது.

இந்தத் தெருவின் கடைக்கோடிக்கு வாருங்கள். 3059-இலிருந்து 3066 வரை எட்டு வீடு. அங்கே குடியிருப்பவர்கள் எழுத்துகள் இல்லை, குறிகள். 2003-இல், யூனிகோடின் நான்காம் பதிப்பில்தான் இவர்களுக்கு மனை கிடைத்தது. நாள், ௳. மாதம், ௴. வருடம், ௵. பற்று, ௶. வரவு, ௷. மேற்படி, ௸. ரூபாய், ௹. எண், ௺. இதில் ரூபாயின் கதவு எண் 3065.

௹. உற்றுப் பாருங்கள். 'ரூ' எழுதப் போன கை, பேனாவை எடுக்காமல் அப்படியே வாலை இழுத்து விட்டுவிட்டது. கணக்குப்பிள்ளைகளின் அவசரத்தில் பிறந்த உருவம். ஒரு நாளைக்கு நூறு தடவை ரூபாய் என்று எழுதுகிறவன் ஐந்து தடவைக்கு மேல் முழுசாக எழுத மாட்டான்.

நான் தேன்கனிக்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கச் சேர்ந்தவன். அங்கேதான் இந்தக் குறிகள் எனக்குப் பழக்கமாயின. மூலப் பத்திரம் என்று மக்கள் மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். பிரித்தால் மடிப்பில் கிழியும். 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தைய பத்திரங்கள் என்றால் தொகை மூன்று பாகமாக இருக்கும்: ௹ 300-0-0. ரூபாய், அணா, பை. மை பழுப்பாகிப் போயிருக்கும். அதற்கு முன்னால் வாலை நீட்டிக்கொண்டு இந்தக் குறி நிற்கும். முதல் வாரம் அது எனக்கு ஏதோ கிறுக்கல் என்றுதான் பட்டது. விட்டுவிட்டு அடித்தேன். எழுத்தர் ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, 300 என்ன? முந்நூறு ஆடா, முந்நூறு தென்னமரமா?" என்று கேட்டார்.

௸ இன்னும் பெரிய உழைப்பாளி. "௸ கிராமத்தில் ௸ சர்வே எண்ணில் ௸யாருக்குப் பாத்தியப்பட்ட" என்று ஒரே வரியில் மூன்று முறை வரும். மேற்படி என்ற சொல் எவ்வளவு பேனா மையைக் குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் வருடத்துக்கும் மாதத்துக்கும் நாளுக்கும் இந்தக் குறிகள்தான். கம்ப்யூட்டர் அச்சு வந்தபோது கடைக்காரரிடம் இருந்த எழுத்துருவில் இந்தக் குறிகள் இல்லை. சில அச்சகங்கள் என்ன செய்தன? மாதக் குறி 'மீ' மாதிரி இருக்கிறது, நாள் குறி 'உ' மாதிரி இருக்கிறது என்று, அந்த எழுத்துகளையே போட்டுவிட்டன. தை மீ 12 உ. அதைப் பார்த்துவிட்டு, 'உ' என்பது பிள்ளையார் சுழி என்று என்னிடம் சாதித்த படித்த மாப்பிள்ளை ஒருவர் உண்டு.

ஒரு குறி கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்க மூன்று வேண்டும். எண் வேண்டும், அதுதான் வீடு. உருவம் வேண்டும், அதை எழுத்துரு தருகிறது, அதுதான் முகம். அந்த வீட்டுக்குப் போக வழி வேண்டும், அதுதான் விசை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆள் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

முகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாக வரும். எண் வந்து சேர்ந்துவிட்டது, வரைந்து காட்ட அந்த எழுத்துருவில் உருவம் இல்லை என்பதற்கு அடையாளம் அந்தக் கட்டம். அதற்கு டோஃபு என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், சோயாவில் செய்கிற பனீர்க்கட்டி மாதிரி இருப்பதால். இனிமேல் டோஃபு வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. அதன் தமிழ் எழுத்துருவில் ௹ இருக்கிறது. ஆக நம் ரூபாய்க்கு வீடும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. சுலபமான வழிதான் இல்லை. உங்கள் போனில் தமிழ் கீபோர்டைத் திறந்து ௹ எங்கே என்று தேடிப் பாருங்கள். ₹ கண்ணெதிரே கிடைக்கும். இதற்கு நீங்கள் ஊரைச் சுற்றவேண்டும்.

அந்த ₹ எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற பட்டியல் போட்டார்கள். மொத்தம் 128 இடம். அதில் டாலருக்கு 36-ஆம் எண் கிடைத்துவிட்டது. அவன் வீட்டுப் பட்டியல், அவன் நாணயம், முதல் பந்தியில் இலை போட்டுக்கொண்டான். அப்புறம் பவுண்டு, யென், 1998-இல் யூரோ என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நமக்கென்று தனியாக ஒரு குறி கிடையாது. ஆங்கிலத்தில் ஆர் போட்டு எஸ் போட்டு ஒரு புள்ளி. அந்த இரண்டையும் ஒட்டிய ₨ என்ற குறி யூனிகோடில் 8360-ஆம் எண்ணில் இருந்தது. ஆனால் பாகிஸ்தான், நேபாளம், இலங்கை எல்லாரும் ரூபாய்க்காரர்களே. நம்முடையது என்று தனியாக ஒன்று வேண்டும் என்று 2009-இல் மத்திய அரசு போட்டி வைத்தது. ஆயிரக்கணக்கில் வடிவங்கள் வந்தன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதை வரைந்தவர் கள்ளக்குறிச்சிக்காரர், உதயகுமார். மும்பை ஐஐடியில் ஆய்வு செய்தவர், தமிழ் எழுத்துருவியல்தான் அவர் ஆய்வே. தேவநாகரி 'ர'வையும், நடுக்காலை எடுத்துவிட்ட ஆங்கில ஆரையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலே இந்தி எழுத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார். தமிழெழுத்தில் ஊறியவர் வரைந்த குறியில் தமிழ் இல்லையே என்று சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு.

அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடின் ஆறாம் பதிப்பு வந்தது. அதில் ₹ இருந்தது. எண் 8377. நாணயங்களுக்கென்று 8352 முதல் 8399 வரை ஒரு சின்னத் தெரு, அங்கே யூரோ 8364-இல் குடியிருக்கிறது, 13 வீடு தள்ளி நம்மவர். ஜூலையில் பிறந்த பிள்ளைக்கு அக்டோபரில் பட்டா. இப்படி ஒரு வேகத்தை நான் எந்தத் தாலுகா ஆபீசிலும் பார்த்ததில்லை. 2011-இல் விண்டோஸ் அதற்கு முகமும் விசையும் கொடுத்தது. அதே ஆண்டில் நாணயத்தில் ஏறியது, 2012-இல் நோட்டில். அரசு பின்னால் நின்று தள்ளியது, அதனால் எண், முகம், வழி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன.

ஆனால் ஜூலைக்கும் விண்டோஸ் விசை கொடுத்ததற்கும் நடுவில் சில மாதம் இருந்ததே, அந்த இடைவெளியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

குறி அறிவித்த சில நாட்களிலேயே மங்களூரிலிருந்து சிலர் ஒரு எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம், டேப் விசைக்கு மேலே ஒரு விசை இருக்கும். அதை அழுத்தினால் சாய்ந்த ஒரு சின்னக் கீற்று விழும்: `. நாம் யாரும் அதைத் தொடுவதே இல்லை. அந்தக் கீற்றின் எண் 96. அவர்கள் செய்தது, 96-ஆம் வீட்டுக்காரனுக்கு ரூபாய் முகமூடியை மாட்டிவிட்டார்கள். அந்த எழுத்துருவில் அந்த விசையைத் தட்டினால் திரையில் ₹ தெரியும். அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டு எண்ணே வராத நேரத்தில் வேறு வழி இல்லை. நாடே அதை இறக்கிக்கொண்டது. நானும் இறக்கிக்கொண்டேன். பத்திர எழுத்தர் ஐயாவிடம் காட்டினேன். "பரவாயில்லையே, நோட்டு அடிக்கிற மாதிரியே இருக்கே" என்றார்.

அப்போது ஒரு பெரியவருக்குக் கடன் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். கறவை மாடு வாங்க. தொகை வருகிற ஏழெட்டு இடத்திலும் புதுக் குறியைப் போட்டு அழகு பார்த்தேன். பிரிண்ட் எடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். மெயிலில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை. முகமூடி கழன்றுவிட்டது. ஏழெட்டு இடத்திலும் எண்ணுக்கு முன்னால் ஒரு கீற்று, ` 40,000 என்று. "என்னய்யா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் மறுபடி பஸ் ஏறி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். திட்டவில்லை. "தம்பி, மாடு நல்ல மாடு" என்று மட்டும் சொன்னார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. தப்பு முழுக்க என்னுடையது.

இன்றைக்கும் அந்தக் கீற்றை நீங்கள் பார்க்கலாம். அந்தக் காலத்தில் அடித்துக் கோப்பாக வைத்த ஆவணங்களைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ரூபாய் இருந்த இடத்தில் கீற்று விழும். கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைப் படிக்கவைத்துக் கேட்கிறார்கள் அல்லவா, அவர்கள் காதில் அங்கே ரூபாய் என்று விழாது. தேடினாலும் கிடைக்காது. முகத்தை மட்டும் மாற்றி எண்ணை மாற்றாமல் விட்டதன் வினை இது. தமிழுக்கு இந்த நோய் ரொம்ப முன்னாலேயே வந்திருந்தது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்துகளின் வீட்டில் தமிழ் முகத்தை மாட்டிவைத்தவைதாம். ஒருவர் அடித்த கடிதம் இன்னொருவர் திரையில் ஆங்கிலக் கந்தரகோளமாகத் தெரியும். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழக அரசு யூனிகோடை முறையாக ஏற்றது. இந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். கூப்பிட்டால் வருவேன்.

சரி, ₹-க்கு எல்லாம் கிடைத்துவிட்டதே, பிறகு குறுஞ்செய்தியில் ஏன் பல பேர் இன்னும் ஆர் எஸ் புள்ளி என்றே போடுகிறார்கள்? ஒரு மாணவி கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் இதைக் கேட்டார். நல்ல கேள்வி. விடை கஞ்சத்தனம். ஒரு குறுஞ்செய்தியின் மொத்தக் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தை நெருக்கி அடுக்கினால் அதில் 160 எழுத்து பிடிக்கும். அந்த நெருக்கமான பட்டியல் ஐரோப்பாவில் செல்போன் தொடங்கிய காலத்தில் போட்டது. டாலர் உண்டு, பவுண்டு உண்டு, யென் உண்டு, ரூபாய் கிடையாது. நடுவில் ஒரே ஒரு ₹ வந்துவிட்டால் போதும், செய்தி முழுவதும் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்குக்கு மாறிவிடும். 160 எழுத்து 70 ஆகிவிடும். ஒரு செய்தி இரண்டாகும், மூன்றாகும். கோடிக்கணக்கில் அனுப்புகிறவருக்கு அது காசு. தமிழில் அனுப்பினாலும் அந்த 70 கணக்குதான். உங்கள் ஊர்ப் பெயர் ஒன்றே 15 இடத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 55. ஊர்ப் பெயரை நாட்றா என்று சுருக்கிக்கொள்ளச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை.

இப்போது பையில் 500 ரூபாய் நோட்டு இருப்பவர்கள் எடுங்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் நோட்டைப் பாருங்கள், வாங்கிக்கொள்ளாதீர்கள். பின்பக்கம் திருப்புங்கள். இடது ஓரம் ஒரு கட்டத்தில் 15 மொழி. நாலாவது கன்னடம். பதின்மூன்றாவது தமிழ், ஐந்நூறு ரூபாய். பதினாலாவது தெலுங்கு. மூன்றையும் இங்கே படிக்கக்கூடியவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். அந்தக் கட்டத்தில் குறி இல்லை, சொல்தான். பத்திரத்திலும் தொகையை எண்ணால் எழுதிவிட்டு, எழுத்தாலும் எழுதச் சொல்வது இதற்குத்தான். எண்ணும் குறியும் நழுவினாலும் சொல் நழுவாது. மாட்டுக் கடன் பெரியவருக்கு இரண்டாவது தடவை அடித்தபோது 'ரூபாய் நாற்பதாயிரம் மட்டும்' என்று சொல்லாகவே அடித்தேன். கடன் கிடைத்தது.

2025 மார்ச்சில் ஒரு பரபரப்பு வந்தது, நினைவிருக்கும். 14-ஆம் தேதி தமிழ்நாட்டு பட்ஜெட். அதற்கு முந்தின நாள், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் வெளியிட்ட பட்ஜெட் இலச்சினையில் ₹ இருக்கவேண்டிய இடத்தில் 'ரூ' இருந்தது. தொலைக்காட்சியில் இரண்டு நாள் தூள் பறந்தது. வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். நான் அரசியல் பேச வரவில்லை. நான் பார்த்த விவாதங்களில் ஒன்றில்கூட யாரும் 3065-ஐப் பற்றி வாயே திறக்கவில்லை. 'ரூ' என்பது குறி இல்லை ஐயா, அது எழுத்து. 2992, 3010 என்ற இரண்டு எண். 'ரூ'வில் ரூமாலும் வரும், ரூபவதியும் வருவாள். ரூபாய் என்று மட்டுமே பொருள்படும் தமிழ்க் குறி, 2003-லிருந்து பட்டாவோடு தெருக்கோடியில் உட்கார்ந்திருக்கிறது. தமிழுக்காக இரண்டு பக்கமும் இவ்வளவு சத்தம் போட்டும் அதன் கதவை ஒருவரும் தட்டி நான் பார்க்கவில்லை.

வங்காளத்தைப் பாருங்கள். அவர்களுக்கும் யூனிகோடில் கணக்குப்பிள்ளைக் குறிகள் உண்டு. அதில் ஒன்றை வங்கதேசம் தன் நாணயமான டாகாவுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு நாட்டின் நாணயம் ஆனதால் அது அன்றாடம் புழங்குகிறது. குஜராத்தி ரூபாய்க் குறிக்கு அந்தப் பாக்கியம் இல்லை, நம்மைப்போல.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த ஊருக்குத் துரோகம். 2019 மார்ச்சில் யூனிகோடின் பன்னிரண்டாம் பதிப்பு வந்தபோது தமிழுக்கு இரண்டாவது தெரு ஒன்று கிடைத்தது. ஸ்ரீரமண சர்மா என்பவர் பழைய ஓலை, கல்வெட்டு, கணக்கு நூல் எல்லாம் அலசி மனுக்கொடுத்து வாங்கியது. 51 குறிகள். முந்திரி, காணி, மா என்ற பின்னங்கள். உழக்கு, குறுணி, பதக்கு என்ற அளவைகள். காசு, பணம், பொன், வராகன். இவற்றோடு நன்செய்க்கு ஒரு குறி, புன்செய்க்கு ஒரு குறி. ராகியும் கொள்ளும் விளைகிற உங்கள் மேட்டு நிலத்துக்கு, உங்கள் பாட்டன் பத்திரத்தில் 'புஞ்சை' என்று வருமே அதற்கு, உலகப் பட்டியலில் தனி எண் இருக்கிறது: 73701. உப்பளத்துக்கும் உண்டு. கேட்டால் நம்ப மாட்டீர்கள், 'வகையறா'வுக்கும் உண்டு.

ஆனால் 73701 என்ற எண்ணைக் கவனியுங்கள். 65,535-ஐத் தாண்டிவிட்டது. பழைய மென்பொருள்கள் பல, உலகம் 65,535-ஓடு முடிந்துவிட்டது என்று நம்பி எழுதப்பட்டவை. அவற்றில் இந்தக் குறிகள் கட்டமாகத் தெரிந்தாலே பெரிய விஷயம். எழுத்துருவும் அரிது, விசை அதைவிட அரிது. அதனால்தான் இதன் அச்சுப்படியில் புன்செய்க் குறியைப் போட்டுக் காட்டாமல் எண்ணை மட்டும் கொடுக்கிறேன்.

சரி, எப்படித் தட்டுவது? வேலைக்கு ஆகிறதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

விண்டோஸில் இந்திய ஆங்கில கீபோர்டைத் தேர்ந்து வைத்திருந்தால், கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 4-ஐ அழுத்துங்கள், ₹ வரும். அமெரிக்க கீபோர்டு வைத்துக்கொண்டு அழுத்தினால் வராது. பல பேர் வரவில்லை என்று கைவிடுவது இதனால்தான். அப்படிப்பட்டவர்கள் வேர்டில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 8377 தட்டட்டும். கையை எடுத்ததும் ₹ விழும். அதே மாதிரி 3065 தட்டினால் ௹. 3064 தட்டினால் ௸. லேப்டாப்பில் எண் பலகை இல்லாவிட்டால் இது நடக்காது. அப்போது எங்கிருந்தாவது ஒருமுறை நகலெடுத்து ஒட்டி, வேர்டின் தானே திருத்தும் பட்டியலில் ஒரு சுருக்கெழுத்து கொடுத்து வைத்துவிடுங்கள். எக்செல்லில் மட்டும் எந்தக் குறியையும் கையால் தட்டாதீர்கள். எண்ணை மட்டும் போட்டு, கட்டத்தின் வடிவமைப்பில் நாணயம் என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சில சமயம் அதை எண் என்றே எடுத்துக்கொள்ளாமல் கூட்டலில் விட்டுவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் இன்னும் சுலபம். கூகுள் கீபோர்டின் அமைப்புகளில் தனிப்பட்ட அகராதி என்று இருக்கிறது. அங்கே ஒரு முறை ௹-ஐ ஒட்டி, சுருக்கு என்ற இடத்தில் 'ரூரூ' என்று கொடுங்கள். அதன் பிறகு 'ரூரூ' தட்டினால் மேலே பரிந்துரையில் ௹ வந்து நிற்கும். வழி இல்லாத வீட்டுக்கு நாமே போட்டுக்கொள்கிற ஒற்றையடிப் பாதை இது. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற தம்பிகள் லீவில் வந்திருப்பீர்கள். வீட்டில் அப்பா போனில் இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போங்கள், இரண்டு நிமிட வேலை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிரயப் பத்திரமோ, மளிகைக் கணக்கு நோட்டோ, கல்யாண மொய் நோட்டோ இருக்கும். கரையான் அரிப்பதற்குள் இறக்குங்கள். அதில் இருக்கிற குறிகள் என்னென்ன என்று பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எந்தக் குறியாவது உங்களுக்கே புரியவில்லை என்றால், கூட்டம் முடிந்ததும் கொண்டுவாருங்கள். கடைசி பஸ் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.